சிஸ்டரிடம் சண்டை போடாதீர்கள், காலிப் பணியிடத்தைக் கேளுங்கள்

(மாவட்ட நிர்வாகிகள் மற்றும் சமூக ஊடகத் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. நேரில் வர முடியாத தோழர்களுக்காக முழுமையாக இங்கே தருகிறோம்.)



நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். வாரத்துக்கு ஒரு வீடியோவாவது உங்கள் போனுக்கு வந்துவிடுகிறது. அரசு மருத்துவமனை வார்டு. ஒரு செவிலியரின் முகத்துக்கு நேராக ஒருவர் செல்போனை நீட்டிக்கொண்டு, "உன் பேர் என்ன? சொல்லு, உன் பேர் என்ன?" என்று கத்துகிறார். அந்தம்மா ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு இன்னொரு கையில் ஊசியோடு நிற்கிறார். கீழே தலைப்பு: "அரசு மருத்துவமனையின் அவலம்". பத்தாயிரம் ஷேர். மறுநாள் அந்தச் செவிலியருக்கு இடமாறுதலோ மெமோவோ வருகிறது. வீடியோ எடுத்தவருக்குத் திருப்தி, பார்த்தவர்களுக்கும் திருப்தி. வார்டில் இருந்த ஒரு செவிலியரும் குறைந்துபோனார். இது யாருக்கு லாபம்?

இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். அரசு மருத்துவமனையை விமர்சிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. விமர்சிக்கணும், உரக்கவே கேட்கணும். ஆனால் யாரிடம் கேட்பது, என்ன கேட்பது என்று தெரிந்து கேட்கணும். நம் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று, இப்போது அது விழுகிற இடம் வேறு.

ஒரு கணக்கு சொல்கிறேன். பெரிய கணக்கெல்லாம் இல்லை, மனசுக்குள்ளேயே போட்டுப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் இரவு ஷிப்ட் என்பது 12 மணி நேரம், அதாவது 720 நிமிடம். ஒரு வார்டில் 50 நோயாளிகள், ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 14 நிமிடம் வருகிறது. ராத்திரி முழுக்கச் சேர்த்து 14 நிமிடம்! அதற்குள் ராத்திரி ஊசி, விடியற்காலை ஊசி, பி.பி., காய்ச்சல் பார்ப்பது, டிரிப்ஸ் மாற்றுவது, ரத்த மாதிரி எடுத்து அனுப்புவது, கேஸ் ஷீட் எழுதுவது, மருந்து ஸ்டாக் எழுதுவது, புதிதாக வருகிற கேஸை அட்மிஷன் போடுவது எல்லாம் அடங்கணும். நடுவில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் வந்தால் அவர் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் நிற்கணும். மிச்சம் 49 பேரின் நிமிடங்கள் அங்கேயே கரைந்துவிடும். அந்த நேரத்தில்தான் ஒருவர் வந்து "டிரிப்ஸ் முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சு, கூப்பிட்டா வரமாட்டேங்குறீங்க" என்று கத்துகிறார். அவர் சொல்வதும் உண்மை. இவர் வர முடியாததும் உண்மை.

சரி, விதி என்ன சொல்கிறது? இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த அளவுகோல் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டு என்றால் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர். மற்ற மருத்துவமனை என்றால் 5 பேருக்கு ஒருவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். நீங்கள் அடுத்த முறை உறவினரைப் பார்க்க ஜி.ஹெச். போகும்போது, வார்டு வாசலில் நின்று கட்டிலை எண்ணுங்கள். தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். அப்புறம் செவிலியர்களை எண்ணுங்கள். நான் புள்ளிவிவரம் படிக்கத் தேவையில்லை, உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

இந்த ஆள் பற்றாக்குறை தானாக வானத்திலிருந்து விழவில்லை. அதன் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஏனென்றால் இதில் எந்த ஆட்சியும் தப்பிக்க முடியாது.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி. என்று சொல்வார்களே, அது 2012ல் வந்தது. 2015ல் அந்த வாரியம் போட்டித் தேர்வு நடத்தி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை எடுத்தது. தேர்வு எழுதி, மதிப்பெண் வாங்கி, இடஒதுக்கீட்டு முறைப்படி வந்தவர்கள். யாரும் பின்வாசல் வழியாக வரவில்லை. அவர்களுக்குக் கொடுத்த சம்பளம் என்ன தெரியுமா? மாதம் 7,700 ரூபாய். தொகுப்பூதியம். இரண்டு வருஷம் வேலை பார்த்தால் காலமுறை ஊதியத்துக்கு வந்துவிடலாம் என்று சொல்லி எடுத்தார்கள். நாளுக்கு 250 ரூபாய் சொச்சத்துக்கு உயிர் காக்கிற வேலை. அதே வார்டில் பக்கத்தில் நிற்கும் நிரந்தரச் செவிலியருக்கும் அதே ஊசி, அதே நைட் டூட்டி, அதே பொறுப்பு. சம்பளம் மட்டும் பல மடங்கு வித்தியாசம்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். அப்போது அவர்களுக்குக் கிடைத்த பதில் பேச்சுவார்த்தை, நீதிமன்றம், எச்சரிக்கை, பிறகு வாக்குறுதி. சம்பளம் 14,000 ஆனது, அப்புறம் 18,000 ஆனது. பணியிடம் காலியாகக் காலியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிரந்தரம் செய்கிறார்கள். எப்போது தன் முறை வரும் என்று காத்திருந்தே முப்பது வயதைத் தாண்டிவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். ஆட்சி மாறியது, அமைச்சர் மாறினார், கோரிக்கை மனு மட்டும் மாறவில்லை. வருஷத்தை மட்டும் திருத்தி அதையே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொரோனாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 மார்ச் 22, மாலை 5 மணி. நாடே வாசலில் நின்று கைதட்டியது, தட்டு தட்டியது. கைதட்டு வாங்கியவர்களுக்கு அன்றைக்கு முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் போதுமான அளவு இல்லை. அடுத்த மாதமே சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. ஒரே ஊர், ஒரே ஜனங்கள். அந்தச் சமயத்தில் அவசரத்துக்கு ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு போகச் சொல்லிவிட்டார்கள். புத்தாண்டுக்கு முந்தின நாள்! பிறகு போராட்டம் வெடித்ததும், மாவட்ட அளவில் வேறு தற்காலிக இடம் தருகிறோம் என்று அரசு சொன்னது. தற்காலிகத்திலிருந்து இன்னொரு தற்காலிகத்துக்கு. பி.பி.இ. கிட்டுக்குள் எட்டு மணி நேரம் வேர்த்துக் கொட்ட நின்றவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது இதுதான்.

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? "அரசு சம்பளம் வாங்குறாங்கல்ல, வேலை செய்யட்டும்" என்று பதிவுகளுக்குக் கீழே சுலபமாகக் கமெண்ட் போடுகிறார்கள். நீங்கள் திட்டுகிற அந்த சிஸ்டர் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்தானா என்பதே உங்களுக்குத் தெரியாது.

மருத்துவர்கள் பக்கமும் பார்த்துவிடுவோம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ராத்திரியில் உங்களைப் பார்ப்பது பெரும்பாலும் யார்? ஹவுஸ் சர்ஜனும் பி.ஜி. டாக்டரும்தான். இருபத்து மூன்று, இருபத்தாறு வயதுப் பிள்ளைகள். தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் ரெசிடென்ட் டாக்டர்களை வேலை வாங்கக் கூடாது என்று மத்திய அரசு 1992லேயே சொல்லிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் 24 மணி நேரம், 36 மணி நேரம் என்று தொடர் டூட்டி பார்க்கிறார்கள். லாரி டிரைவர் தூங்காமல் 24 மணி நேரம் ஓட்டினால் தப்பு என்கிறோம். தூங்காத டாக்டர் நம் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்தால் அது சேவையா? அரசு மருத்துவர்களுக்கான 2009ஆம் ஆண்டு அரசாணை 354 பற்றி நம் மருத்துவத் தோழர்கள் அடிக்கடி பேசுவார்கள். ஊதியமும் பதவி உயர்வும் சம்பந்தப்பட்டது அது. 2019ல் அதற்காக ஒரு வாரம் வேலைநிறுத்தமே நடந்தது. அந்த விவரத்துக்குள் இன்றைக்குப் போகவில்லை, அதற்குத் தனியாகவே ஒரு கூட்டம் வேண்டும்.

இப்போது வன்முறை. 2024 நவம்பர் 13. சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை. புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர், புறநோயாளிகளைப் பார்க்கும் தன் அறையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு நோயாளியின் மகன் உள்ளே வந்து கத்தியால் குத்துகிறார். தன் தாய்க்குச் சரியான சிகிச்சை தரவில்லை என்ற கோபம். மருத்துவர் பிழைத்தார், அது நம் அதிர்ஷ்டம். அதற்கு மூன்று மாதம் முன்புதான், 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி, கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த பயிற்சிப் பெண் மருத்துவர் மருத்துவமனைக்குள்ளேயே வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார். 36 மணி நேர டூட்டி நடுவில் சற்றுத் தலைசாய்க்க அவர் போன இடம் ஒரு செமினார் ஹால். ஏன் அங்கே போனார் என்று கேட்டார்கள் சிலர். படுக்க அவருக்கு ஒரு அறை இல்லை என்பதை அவர்கள் கேட்கவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, தேசியப் பணிக்குழு அமைத்தது. நம் ஊர் மருத்துவமனைகளில் இரவுப் பணிச் செவிலியருக்குத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிற ஓய்வறையும், வெளிச்சத்தோடு ஒரு கழிப்பறையும் உண்டா என்று நம் மகளிர் தோழர்கள் போய்ப் பார்த்துச் சொல்லட்டும். ஆண்கள் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2008லேயே மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்துவிட்டது. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. டாக்டர் மட்டுமல்ல, செவிலியர், மாணவர், ஊழியர் எல்லாருக்கும் அது பொருந்தும். பல மருத்துவமனைச் சுவர்களில் இதைப் போர்டாகவும் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் போர்டு கத்தியைத் தடுக்காது. என் கருத்தைச் சொல்கிறேன். போலீஸ் அவுட்போஸ்ட் வேண்டும், சிசிடிவி வேண்டும், எல்லாம் சரி. ஆனால் "என் அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிற மகனுக்கு உட்காரவைத்துப் பத்து நிமிடம் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தால் பாதி சண்டை வராது. ஒரு காலையில் நூறு நோயாளிகளைப் பார்க்கிற டாக்டருக்கு அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வரும்? காலிப் பணியிடம் என்பது ஃபைலில் இருக்கிற நம்பர் மட்டும் இல்லை. அங்கே இல்லாமல் போனது அந்தப் பத்து நிமிடம்தான்.

ஊசிக் குத்து பற்றியும் ஒரு வார்த்தை. அவசரத்தில் ஊசி போடும்போது கையில் குத்திக்கொள்வது செவிலியர்களுக்கு அடிக்கடி நடக்கிற விபத்து. அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கியாகணும். மஞ்சள் காமாலை பி வைரஸ் இன்னும் சுலபமாகத் தொற்றும். அந்த ஊசியைப் போட வெள்ளை நிறத்தில், குத்தினாலும் துளைக்காத தனிப் பெட்டி வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதியே இருக்கிறது. பெட்டி நிரம்பி வழிந்தாலோ, அவசரத்தில் ஊசி சாதாரணக் குப்பையில் விழுந்தாலோ, யார் கையில் குத்தும்? துப்புரவு செய்கிற அம்மா கையில். அவர் அவுட்சோர்சிங் கம்பெனி ஆள். நல்ல கையுறை அவருக்கு எத்தனை நாளைக்கு ஒன்று கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கூட்டத்தில் சிலர் மனசில் ஓடுவது எனக்குத் தெரிகிறது. "எல்லாம் சரி, காசு வாங்குறாங்களே? ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு, குழந்தையைக் காட்டக் காசு, ஆண் குழந்தைன்னா கூடுதல் காசு." வாங்குகிறார்கள், சில இடங்களில் வாங்குகிறார்கள். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. பிரசவ வலியில் இருக்கிற ஏழைப் பெண்ணின் குடும்பத்திடம் கை நீட்டுவது கேவலம். எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள், நானே கூட வருகிறேன். ஆனால் அந்தப் பணத்தை வாங்கியவரை வைத்து, வாங்காத நூறு பேரைத் திருடர் என்று எழுதாதீர்கள்.

நகரத்து மருத்துவமனையை மட்டுமே பேசினால் பாதிதான் பேசியதாகும். கிராம சுகாதார செவிலியர்களைப் பாருங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. கர்ப்பிணியைப் பதிவு செய்வதிலிருந்து குழந்தைக்குத் தடுப்பூசி போடும் வரை அவர்தான். தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது என்று மேடைக்கு மேடை எல்லாக் கட்சியும் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமையைக் கட்டியவர் வெயிலில் ஸ்கூட்டியில் போகிற அந்த அம்மாதான், ராத்திரியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாகப் பிரசவம் பார்க்கிற செவிலியர்தான். இப்போது அவருக்குப் பாதி நாள் கம்ப்யூட்டர் என்ட்ரியிலேயே போகிறது. டவர் கிடைக்காத ஊரில் மொட்டை மாடியில் ஏறி நின்று பதிவேற்றுகிறார். மேலதிகாரிக்கு டேட்டா வந்துவிட்டால் வேலை நடந்துவிட்டது என்று அர்த்தம்.

பணம் இல்லை என்பார்கள். 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை, மாநிலங்கள் 2020க்குள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்கு ஒதுக்கணும் என்றது. ஒன்றிய, மாநில அரசுகளின் செலவைச் சேர்த்து நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக 2025க்குள் உயர்த்துவோம் என்றும் சொன்னது. 2025 வந்து போய்விட்டது. தமிழ்நாடு 2025-26 பட்ஜெட்டில் சுகாதாரத்துக்கு ஒதுக்கியது 21,906 கோடி. மொத்தச் செலவில் சுமார் 5 சதவீதம். கட்டடம் திறப்பதற்குக் கல்வெட்டு வைக்கலாம், பெயர் பொறிக்கலாம். ஒரு செவிலியர் பணியிடத்தை நிரப்பினால் கல்வெட்டு வைக்க முடியாது. கட்டடம் எழும்பிவிடுவதற்கும் ஆள் வராததற்கும் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

கடைசியாக, உங்களிடம் சிலது கண்டிப்பாகச் சொல்லணும்.

அந்த மாதிரி வீடியோ கையில் கிடைத்தால் ஷேர் செய்யாதீர்கள். ஊழியர் முகம் தெரிகிற எதையும் நம் பக்கத்தில் போடக் கூடாது. ஒரே கட்டிலில் இரண்டு நோயாளி படுத்திருக்கிறார்களா, அதைச் சொல்லுங்கள். அங்கேயும் நோயாளி முகம் வேண்டாம்.

விபத்து கேஸ் என்றால் இருபது பேர் எமர்ஜென்சிக்குள் நுழையாதீர்கள். கட்சித் துண்டு போட்டுக்கொண்டு போய் "நான் யாருன்னு தெரியுமா?" என்று டூட்டி டாக்டரிடம் கேட்பவர் எந்தப் பொறுப்பில் இருந்தாலும் சரி, கட்சி அவருக்குத் துணை நிற்காது. "நம்ம ஆளு, முதல்ல பாருங்க" என்று போன் செய்தால், முன்னால் காத்திருக்கிற ஒரு ஏழையை நீங்கள் பின்னால் தள்ளுகிறீர்கள். போகிறவர்களில் இரண்டு பேர் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள், அது உதவி.

அப்புறம் தகவல் உரிமை மனு. ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு தோழர் இந்தப் பொறுப்பை எடுக்கணும். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், துப்புரவுப் பணியிடங்கள் எத்தனை, நிரப்பியது எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி, ஒப்பந்தத்தில் எத்தனை பேர், இரவு ஷிப்டில் வார்டு வாரியாக எத்தனை செவிலியர். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தரணும். தராவிட்டால் மேல்முறையீடு. பதில் வந்ததும் நகலை மாவட்ட அலுவலகத்தில் கொடுங்கள். மருத்துவமனை வாரியாக இதே பக்கத்தில் வெளியிடுவோம், சட்டமன்றத்திலும் வைப்போம். நாளைக்கு நாமே ஆட்சிக்கு வந்தாலும் அந்தப் பட்டியல் இங்கேயே இருக்கும். அப்போது எங்களிடம் கேளுங்கள்.

மனுவின் மாதிரி நாளை காலை பதிவாக வரும். உங்கள் மருத்துவமனையின் பெயரைக் கமெண்டில் எழுதுங்கள், ஒரே மருத்துவமனைக்குப் பத்து மனு போக வேண்டாம்.